இரண்டேகால் பஸ்

என் மேசை இழுப்பறையில் ஒரு ஜெராக்ஸ் தாள் இருக்கிறது. நான்காக மடித்து நெடுநாள் வைத்திருந்ததால் மடிப்புகளில் எழுத்து தேய்ந்துவிட்டது. மொத்தம் பதினோரு வரிகள். ‘அன்று பேருந்தைச் சூளகிரி அருகே ஓரமாக நிறுத்திவிட்டு நான் உறங்கிவிட்டேன். அந்தப் பெண் தாமதமாக வந்து சேர்ந்ததற்கு நானே காரணம்’ என்று முடிகிறது. கையெழுத்து என்னுடையது. ‘ற’வுக்கு வால் நீட்டி எழுதும் வழக்கம் பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு உண்டு, இன்றுவரை போகவில்லை. ஆனால் அடியில் இருக்கும் ஒப்பம் என்னுடையதல்ல. தெலுங்கில், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி நிதானமாகப் போட்ட ஒப்பம். எங்கள் கம்பெனி பஸ்ஸின் டிரைவர் போட்டது. நாங்கள் எல்லோரும் அவரை டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். அன்று அவர் உறங்கவில்லை. போன மாதம் இந்தத் தாள் என் கைக்கு வந்ததிலிருந்து அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன்.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம். ஓசூருக்கு வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. சிப்காட்டில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸ் வேலை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார், எந்த பஸ் எப்போது கிளம்பியது என்று எழுதி வைப்பதற்கு ஒரு ஆளை வைத்துச் சம்பளம் கொடுப்பார்கள் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வேலை எனக்கு ஒட்டிக்கொண்டது. கோட்டுக்குள் எழுதுவது பிடிக்கும். மனிதர்களோடு பேசுவதுதான் வராது. என் பேச்சைக் கேட்டு ‘சாருக்கு எந்த ஊருங்க?’ என்று கேட்பார்கள், சொல்வேன், அதோடு பேச்சு நின்றுவிடும். ஷாப் ஃப்ளோரில் ஒருத்தர் தமிழில் ஆரம்பித்து, நடுவில் தெலுங்குக்குப் போய், கன்னடத்தில் சிரித்து முடிப்பார். எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாமல் நானும் கொஞ்சம் சிரித்து வைப்பேன். வாடகை அறையில் ஒரு பாய், ஒரு பக்கெட், ஒரு ஸ்டவ். ஞாயிற்றுக்கிழமைகளில் வாயைத் திறக்காமலேயே பொழுது போய்விடும். திங்கட்கிழமை காலை நான் பேசும் முதல் வார்த்தை கரகரவென்றுதான் வரும்.

அந்த முதல் வார்த்தையை என்னிடமிருந்து வாங்குபவர் டிரைவர் அண்ணன். காலை ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு, ட்ரிப் ஷீட்டை ஜன்னல் வழியாக நீட்டும்போதே கேட்பார்: “சாப்ட்டியாப்பா?” மற்றவர்கள் இருந்தால் ‘சார்’, இல்லாவிட்டால் ‘தம்பி’. சூளகிரியை ஒட்டிய ஒரு கிராமம் அவருக்கு. வீட்டில் தெலுங்கு. ஐம்பதைத் தாண்டியவர், மனைவி இறந்துவிட்டார், மகன் பெங்களூரில் இருந்தான், எப்போதாவது வருவான். காதோரம் நரைத்த முடி, காக்கிச் சட்டையின் மேல் பித்தான் எப்போதும் போட்டிருக்கும். ஆறு மணிக்கு ஆட்களை இறக்கினால் இரண்டு மணிவரை அவருக்கு வேலையில்லை. மற்ற டிரைவர்கள் சீட்டில் நீட்டிப் படுப்பார்கள். இவர் படுக்கமாட்டார். வண்டியைத் துடைப்பார், டீக்கடைப் பெஞ்சில் யாருக்காவது பஞ்சாயத்து பண்ணுவார், நிலக்கடலைக் காலத்தில் வேகவைத்த கடலையைத் தூக்குவாளியில் கொண்டுவந்து என் மேசையில் பாதியைக் கொட்டிவிட்டுப் போவார். தனியாக உண்கிறவனை இன்னொரு தனி ஆள் கண்டுபிடித்துவிடுவார் போலிருக்கிறது.

அவர் ஓட்டிய பஸ் குருபரப்பள்ளி வரை போகும். வழியில், நெடுஞ்சாலையிலிருந்து அணைக்குப் பிரிகிற ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் உள்ளே இலங்கைத் தமிழர்களின் முகாம் ஒன்று உண்டு. படகில் வந்தவர்களும், வந்தவர்களுக்கு இங்கே பிறந்தவர்களும். எங்கள் கம்பெனியில் அந்த முகாமிலிருந்து பதினோரு பெண்கள் வேலை பார்த்தார்கள். முதலில் அவர்கள் நெடுஞ்சாலையிலேயே இறங்கி நடந்துதான் போனார்கள். பஸ் உள்ளே போய் வர வேண்டும் என்று பஸ் கான்ட்ராக்டரிடம் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவர் டிரைவர் அண்ணன். யாரும் அவரைக் கேட்கவில்லை. மழையில் நனைந்து போகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு எப்படிக் கியர் போடுவது என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம். ஸ்டாப் கிடைத்ததும் பஸ்ஸில் முணுமுணுப்பு எழுந்தது. குருபரப்பள்ளியிலிருந்து வரும் ஒரு பெண், மோல்டிங் பிரிவில் வேலை, வாய் கொஞ்சம் நீளம், எழுந்து நின்றே கேட்டுவிட்டார்: “அகதிங்களுக்காக நாங்க எதுக்குண்ணா கால் மணி நேரம் சுத்தணும்?” டிரைவர் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “டீசலு கம்பெனிது. ஷிப்டு முடிஞ்சிபோச்சி. வூட்டுக்குப் போனா நீ மாமியாரோட சண்டதான போடப் போற, கால் மணி லேட்டா போட்டா என்னாம்மா?” பஸ் முழுக்கச் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கண்ணாடியில் வைக்கும் அட்டையில் ஊர்ப் பெயர்களை எழுதியது நான். ‘முகாம்’ என்று எழுதப் போனேன். அவர் பேனாவைப் பிடித்து நிறுத்தி, ‘டேம் ரோடு’ என்று எழுதச் சொன்னார். அந்தப் பெண்கள் கேட்டுக்கொண்டார்களாம்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் இன்ஸ்பெக்ஷன் அக்கா. ரப்பர் வளையங்களை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை. மன்னாரிலிருந்து எட்டு வயதில் வந்தவர். எங்களோடு எங்கள் தமிழே பேசுவார். களைப்பாக இருக்கும்போது மட்டும் ‘ஆமாம்’ என்பதற்குப் பதில் ‘ஓம்’ என்று வாய் தவறி வரும், உடனே உதட்டைக் கடித்துக்கொள்வார். கணவர் இல்லை. ஒரே மகள், பன்னிரண்டாவது முடித்துவிட்டு நர்சிங் சேரக் காத்திருந்தாள். முகாமில் ‘செக்கிங்’ என்று ஒன்று உண்டு. மாதத்தில் இரண்டு முறை வருவாய்த் துறையிலிருந்து ஓர் அலுவலர் பதிவேட்டோடு வந்து உட்காருவார். குடும்ப எண்ணைக் கூப்பிட்டதும் ஒவ்வொருவரும் நேரில் போய் முகத்தைக் காட்ட வேண்டும். எந்த நாள் என்று முதல் நாள் மாலைதான் தெரியும். முகத்தைக் காட்டாதவரின் பெயரை விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்துவிடுவார்கள். குடும்பத் தலைவியின் பெயர் நின்றால் குடும்பமே நின்றது மாதிரி. வீடும் அந்தப் பெயரில்தான், பிள்ளைகளுக்குச் சான்றிதழும் அந்தப் பெயரை வைத்துத்தான். நான் கம்பெனியில் எழுநூறு பேரின் வருகையை எழுதினேன். வருகை என்பது சம்பளத்துக்கான விஷயம் என்று மட்டுமே நினைத்திருந்தேன்.

அன்று மாதக் கடைசி. செக்கிங் என்று முகாமின் மற்றப் பெண்கள் லீவு போட்டிருந்தார்கள். அக்காவுக்கு லீவு மிச்சமில்லை, மகளின் பரீட்சைக் காலத்திலேயே எல்லாம் தீர்ந்திருந்தது. இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து, இரண்டேகாலுக்கு பஸ் கிளம்பினால் மூன்றேகாலுக்கு முகாம். மூன்றரை வரை பதிவேடு திறந்திருக்கும். அது போதும் என்று வேலைக்கு வந்திருந்தார். அன்றைக்கென்று பார்த்து அனுப்ப வேண்டிய சரக்கு பாக்கியிருந்தது. எட்டுப் பேர் ஒரு மணி நேரம் கூடுதலாக வேலை பார்க்க வேண்டும். அவர்களைக் கொண்டுபோய் விடத் தனி வண்டி வைக்க வேண்டும் என்பது விதி. அதற்கு மேனேஜரிடம் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். மேனேஜர் காலையிலிருந்தே எரிந்து விழுந்துகொண்டிருந்தார். அவர் அறைக்குள் போகப் பயந்துகொண்டு, பஸ்ஸையே நிறுத்தி வைத்தேன். அக்கா ஜன்னலுக்கு வந்தார். “சார், இன்னைக்கு செக்கிங்.” “பத்து நிமிஷம்மா” என்றேன். அவர் இரண்டாம் முறை வந்தபோதும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை அவர் வரவில்லை. பஸ் படிக்கட்டில் நின்று என் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பஸ் கிளம்பியபோது மூன்று மணி பத்து நிமிடம். அவர் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது மேசை நாற்காலியை மடித்து எடுத்துக்கொண்டு எல்லோரும் போயிருந்தார்கள்.

அடுத்த நாள்தான் விஷயம் தெரிந்தது. பரிகாரம் செய்ய வேண்டும் என்று துடித்தேன். டைம் ஆபீஸ்காரனுக்குத் தெரிந்த பரிகாரம் சான்றிதழ்தான். கம்பெனி லெட்டர்ஹெட்டில், இன்னார் இன்ன நாளில் காலை ஆறிலிருந்து இரண்டு வரை பணியில் இருந்தார், கம்பெனிப் பேருந்தில்தான் வீடு திரும்பினார் என்று முத்து முத்தாக எழுதி, முத்திரை வைத்து, ஆதாரத்துக்கு பஸ் ரெஜிஸ்டரின் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து இணைத்துக் கொடுத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அந்த ரெஜிஸ்டரில் ‘புறப்பட்ட நேரம்’ என்ற கட்டத்தை நான் எப்போதும் காலையிலேயே நிரப்பிவிடுவேன். பஸ் ஒரு நாளும் தவறியதில்லை, எழுதிவிட்டால் ஒரு வேலை முடிந்தது. அன்றும் 2.15 என்றுதான் இருந்தது. அதைத் திருத்தவில்லை என்ற நினைப்புகூட இல்லாமல் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன்.

கிருஷ்ணகிரி வருவாய்த் துறை அலுவலகத்துக்கு, சம்பளப் பிடித்தத்தோடு லீவு போட்ட அக்காவுக்குத் துணையாகப் போனவர் டிரைவர் அண்ணன். இரண்டு ஷிப்டுக்கு நடுவிலிருந்த தன் ஓய்வு நேரத்தில், பஸ் பிடித்து, ஒரு முறையல்ல, நான்கு முறை போனார். நான் ஒரு முறையும் போகவில்லை, எனக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். நான்காம் முறை போய்விட்டு வந்து கேட்டுக்கு எதிரேயிருந்த டீக்கடைக்கு என்னைக் கூப்பிட்டார். டீ சொன்னார், குடிக்கவில்லை. “தம்பி, உன் லெட்டர்தான் கழுத்தப் புடிக்கிது. ரெண்டேகாலுக்கு ஏறுன பொம்பள மூணேகாலுக்கு வந்திருக்கணும். நாலேகாலுக்கு வந்திருக்குது. நடுவுல ஒரு மணி நேரம் எங்க எறங்குச்சி, யார் கூடப் போச்சின்னு கேக்கறான். அத்தன பேரு நடுவுல வெச்சிக் கேக்கறான்பா.” அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லல. பஸ்ஸ நிறுத்தி வெச்சாங்கன்னு ஒரு வார்த்த சொல்லல. என்னத்தான் பாத்துச்சி.” மகளின் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வர இன்னும் ஆறு நாள் இருந்தது. அம்மாவின் பெயர் பதிவேட்டில் திரும்ப ஏறினால்தான் அவளுக்குச் சான்றிதழ் கிடைக்கும்.

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து பெஞ்சில் வைத்தார். வரும் வழியிலேயே வாங்கியிருக்கிறார். “எனக்குத் தமிழ் படிக்க வரும், எழுத வராது. நான் சொல்றன், நீ எழுது.” வழியில் வண்டியை நிறுத்தித் தூங்கிவிட்டேன் என்று எழுதச் சொன்னார். என் பேனா நின்றது. அது பொய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “உன் பேரு எழுதுனா உன் வேல போவும். கம்பெனிதான் நிறுத்துச்சின்னு எழுதுனா கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? அந்தப் பொண்ண அனுப்பிருவான். அப்புறம் அந்த முகாம்ல இருந்து ஒருத்தரயும் எடுக்க மாட்டான். பதினோரு குடும்பம்பா. என் பேரு போடு. எனக்கு ஸ்டியரிங் எங்க போனாலும் கெடைக்கும்.” இல்லை அண்ணே, உண்மையை எழுதிவிடலாம் என்று நான் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மனசிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது, அதுதான் உண்மை. அந்த நிம்மதியோடு, வால் நீட்டிய ‘ற’வோடு, பதினோரு வரியையும் அழகாக எழுதி முடித்தேன். டீ ஆறிப்போய்விட்டது என்று சொல்லி அவர் எனக்கு வேறு டீ வாங்கிக் கொடுத்தார்.

கடிதத்தில் கான்ட்ராக்டரின் சீலும் வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவரிடம் கொண்டுபோன அன்றே டிரைவர் அண்ணனின் வேலை போனது. சீல் வைக்கும் முன் கான்ட்ராக்டர் சந்தேகப்பட்டு பஸ்ஸில் ஏறி விசாரித்திருக்கிறார். செக்கிங் நாளன்று பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தார்கள், பஸ் கேட்டிலேயே நின்றது நாற்பது பேருக்கும் தெரியும். எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்க, குருபரப்பள்ளிப் பெண்தான் எழுந்திருக்கிறார். “ஆமாங்க, தூங்கிட்டாரு. நாங்கதான் எழுப்புனோம்” என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாராம். ஐந்தாம் நாள் அக்காவின் பெயர் பதிவேட்டில் திரும்ப ஏறியது. கடைசி நாளன்று மகளின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. டிரைவர் அண்ணன் தூக்குவாளியையும் துடைக்கும் துணியையும் எடுத்துக்கொண்டு, என் ஜன்னலுக்கு வந்து, “வரட்டா தம்பி, நேரத்துக்குச் சாப்புடு” என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஷிப்டு மாறும் நேரம், வருகைக் கார்டு கொடுக்கப் பெரிய வரிசை நின்றது. நான் கார்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

தூங்கிவிட்டேன் என்று தானே எழுதிக் கொடுத்த டிரைவருக்கு எங்கே போனாலும் ஸ்டியரிங் கிடைத்துவிடுமா? செய்தி அவருக்கு முன்னால் எல்லா கான்ட்ராக்டரிடமும் போய்ச் சேர்ந்திருந்தது. கொஞ்ச நாள் கல் குவாரி லாரி ஓட்டினார் என்றார்கள். அப்புறம் அதுவும் இல்லை. இரண்டு மூன்று வருடம் கழித்து, தர்மபுரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, காவேரிப்பட்டினத்தில் என் பஸ் நெரிசலில் நின்றது. மாங்காய் மண்டி ஒன்றின் வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், மேல் பித்தான் போட்ட காக்கிச் சட்டையோடு அவர் உட்கார்ந்திருந்தார். காவல் வேலை. பஸ்ஸை நிமிர்ந்து பார்த்தார். டிரைவராக இருந்தவர்கள் பஸ்ஸைப் பார்த்தால் ஓட்டுகிறவரைத்தான் பார்ப்பார்கள், உள்ளே இருக்கிறவர்களைப் பார்க்கமாட்டார்கள். அது தெரிந்தும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இறங்கியிருக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் பஸ் அங்கேயே நின்றது.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் நெருங்கிப் பழகவில்லை. பழகினால் சொல்ல வேண்டி வரும் என்ற பயமோ என்னவோ. கல்யாணமும் தட்டித் தட்டிப் போய், பிறகு யாரும் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். பதவி உயர்ந்தது, அறை மாறியது, ஸ்டவ் போய் கேஸ் அடுப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் அப்படியே இருந்தன. இன்ஸ்பெக்ஷன் பிரிவுப் பக்கம் போக வேண்டியிருந்தால் வேறு யாரையாவது அனுப்புவேன். அக்காவின் மகள் நர்சிங் சேர்ந்தாளா, முடித்தாளா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை என்று எனக்கு நானே ஒரு நியாயம் செய்து வைத்திருந்தேன். பஸ் ரெஜிஸ்டரில் மட்டும், பஸ் கேட்டைத் தாண்டும்வரை நான் பேனாவைத் திறக்கமாட்டேன். இப்போது ரெஜிஸ்டரே கிடையாது. வண்டி எங்கே போகிறது என்று செல்போனில் புள்ளியாக ஊர்வதை எல்லோரும் பார்க்கலாம். அதிலும் அந்த ஸ்டாப்பின் பெயர் டேம் ரோடுதான்.

போன மாதம் இன்ஸ்பெக்ஷன் அக்கா வேலையிலிருந்து நின்றார். அடையாள அட்டையை ஒப்படைக்க என் அறைக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மகள் ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாள், இனி வீட்டில் இரு என்கிறாள் என்று நான் கேட்காமலேயே சொன்னார். அத்தனை வருடம் எங்கள் தமிழ் பேசியவர் அன்று தன் தமிழிலேயே பேசினார். பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். “டிரைவர் அண்ணன் மோசம் போயிட்டார் சார். செத்தவீடு நடந்து ரெண்டு மாதமாச்சு. அவர்ட பெட்டிக்குள்ள லைசென்ஸோட இது இருந்தது. மகன் எங்களிட்டத் தந்தவர்.” நான் தாளைத் தொடவில்லை. இதை ஏன் என்னிடம் என்று எப்படியோ கேட்டேன். “உங்கட கையெழுத்துத்தானே” என்றார். கோபம் எதுவும் இல்லை, ரப்பர் வளையத்தைத் திருப்பிப் பார்க்கிற அதே பார்வை. பிறகு அவராகவே சொன்னார். முகாமிலிருந்து மாதம் ஒருமுறை யாராவது காவேரிப்பட்டினம் போய் அவரைப் பார்த்து, மீன் குழம்பு கொடுத்துவிட்டு வருவார்களாம். குருபரப்பள்ளிப் பெண்ணும் போவாராம். பதின்மூன்றாம் நாளுக்குப் பதினைந்து பேர் போயிருக்கிறார்கள். அந்த மனிதர் மண்டி வாசலில் தனியாகக் கிடக்கிறார் என்று நான் இத்தனை வருடம் நினைத்து நினைத்து நொந்துகொண்டிருந்தேன். கதவருகே போய் அக்கா நின்றார். “நாங்கள் போகேக்க எல்லாம் உங்களைத்தான் கேக்கிறவர். தம்பி நேரத்துக்குச் சாப்பிடுறாரா, இன்னும் தனியத்தான் இருக்கிறாரா எண்டு. நாங்கள் என்னத்தைச் சொல்லுறது? நீங்கள்தான் ஆரோடையும் கதைக்கிறேல்லையே.” அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இழுப்பறையிலிருந்து தாளை எடுத்தேன். மடிப்புகளை விரலால் நீவி விரித்து வைத்தேன். ‘நானே காரணம்’ என்ற வரிக்குக் கீழே அவருடைய தெலுங்கு ஒப்பம். அதற்குக் கீழே இரண்டு விரல்கடை வெள்ளை இடம் அன்றிலிருந்து அப்படியே இருக்கிறது. இனி எந்த அலுவலகத்துக்கும் இந்தத் தாள் தேவையில்லை. பேனாவைத் திறந்து, அவருடைய ஒப்பத்துக்குக் கீழே என்னுடையதைப் போட்டேன். ஒப்பத்துக்குப் பக்கத்தில் நேரம் குறிப்பது என் தொழில் பழக்கம். பஸ் புறப்பட்ட நேரத்தை எழுதினேன். 3.10.